பதநீரை ஐயுறும் நாம் பெயர்ப்பலகையை நம்புவதேன்?

மாசி பிறந்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும், செங்கல்பட்டைக் கடந்து செல்லும் திருச்சி நெடுஞ்சாலையிலும் மர நிழல்களில் பதநீர்க் குடங்கள் வந்தமரும். மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா செல்லும் நம் குடும்பங்களில் பல, அவற்றைக் கண்டும் வண்டியை நிறுத்துவதில்லை. "அது கள்ளுக்குத் தம்பி, நமக்கு வேண்டாம்" என்று பெரியவர்கள் சொல்ல, பிள்ளைகள் அதையே மார்க்கமென்று எண்ணி வளர்கிறார்கள். அதே குடும்பங்கள் சற்றுத் தொலைவில் 'ஹலால்' என்று எழுதிய உணவகத்தில் இறங்கித் தேவைக்கு மேல் வாங்கிப் பாதியை வீணாக்குகின்றன. திரும்பும் வழியில் 'கருப்பட்டி காபி' என்ற பலகையைக் கண்டு, ஒரு கேள்வியும் கேளாமல் குடித்துவிட்டு வீடு சேர்கின்றன. இதற்குப் பேணுதல் என்று பெயரிடலாமா?

பதநீரும் கள்ளும் ஒரே பாளையிலிருந்து சொட்டுபவையே. அவற்றைப் பிரிப்பவை இரண்டு: சுண்ணாம்பும் நேரமும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால், சாற்றிலுள்ள இனிப்பை நுண்ணுயிர்கள் புளிக்க வைத்து மதுவாக்குவது தடுக்கப்படுகிறது. சுண்ணாம்பின்றி விட்டால் சில மணி நேரத்திலேயே அது நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடும். ஆகவே, பதநீர் என்பது தற்செயலாகக் கள்ளாகாமல் தப்பிய பானமன்று. கள்ளாகிவிடக் கூடாது என்று ஒரு மனிதர் கருதிச் செய்த உழைப்பின் பலன்.

மார்க்கத்தின் நிலைப்பாடும் தெளிவானது. போதை தருவது ஹராம். அதிகம் அருந்தினால் போதை தருவதில் சிறிதளவும் ஹராம். ஆனால் நபி (ஸல்) அவர்களுக்காகப் பேரீச்சையும் உலர் திராட்சையும் நீரில் ஊறவைக்கப்பட்டதையும், அந்த இனிப்பு நீரை அவர்கள் அருந்தியதையும், நாட்கள் கடந்தால் அதை விலக்கியதையும் ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். பானத்தின் மூலப்பொருளைப் பார்த்து அவர்கள் ஒதுங்கவில்லை; அதன் நிலையைப் பார்த்தார்கள். திராட்சையிலிருந்து மது வருகிறது என்பதற்காகத் திராட்சைச் சாற்றை நாம் விலக்குகிறோமா?

"ஐயமானதை விட்டுவிடுவதே நல்லது" என்று சிலர் மறுப்புரைப்பர். உண்மைதான். ஆயினும், கேட்டால் தீர்ந்துவிடும் ஐயத்தைக் கேட்காமலே சுமந்து திரிவது பேணுதல் அன்று, அது வஸ்வாஸ். "சுண்ணாம்புக் கலயமா? எப்போது இறக்கியது?" என்ற இரு கேள்விகள் போதும். புளித்த வாடையும் பொங்கும் நுரையும் இருந்தால் விலகிக்கொள்ளலாம்.

ஐயுற வேண்டிய இடத்தில்தான் நாம் ஐயுறுவதில்லை. ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் பதநீரைக் காய்ச்ச வேண்டும். அந்தப் பதநீருக்காக ஒருவர் நாள்தோறும் காலையும் மாலையும் மரமேற வேண்டும். அப்படியிருக்க, வெல்லத்தின் விலைக்குக் கருப்பட்டி எப்படிக் கிடைக்கும்? வெள்ளைச் சீனியைக் கலந்து காய்ச்சிக் கருப்பட்டியென விற்பது ஊரறிந்த மோசடி. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே மறைத்த ஈரத்தைக் கண்டு கண்டித்தவர்களின் உம்மத் நாம். கீழக்கரைத் தொதலுக்குக் கருப்பட்டி தேடும் நம் இல்லங்களாவது இதைக் கேட்க வேண்டாமா?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், வசந்த காலத்தில் மேப்பிள் மரச்சாற்றைப் பாகாகக் காய்ச்சும் கொட்டகைகளுக்கே குடும்பங்கள் சென்று உண்பது வழக்கம். அந்த உணவில் பன்றி இறைச்சி மிகுதி. 2007ஆம் ஆண்டு மோன் செயின்ட் கிரெகுவார் என்ற ஊரிலுள்ள கொட்டகைக்கு ஒரு முஸ்லிம் குழுவினர் சென்றனர். அது ஊடகங்களில் பெரும் சர்ச்சையாயிற்று. உணவு மாற்றங்களை உரிமையாளருடன் முன்கூட்டியே பேசி முடிவு செய்திருந்தனர் என்பதை மறு ஆண்டு வெளியான பூஷார் – டெய்லர் ஆணைய அறிக்கை தெளிவாக்கியது. மரச்சாற்றை அவர்கள் வெறுக்கவில்லை. விலக்க வேண்டியதைக் கேட்டறிந்து விலக்கினார்கள். கடல் கடந்தவர்களால் இயன்றது, சொந்த மண்ணில் சொந்த மொழியில் கேட்கக்கூடிய நமக்கு இயலாதா?

இதில் நம் நாவின் சுவையைவிடப் பெரிய ஒன்று அடங்கியிருக்கிறது. தமிழகத்தில் 1987 முதல் கள் இறக்கத் தடை உள்ளது. மதுவுக்கு எதிராக மேடைதோறும் முழங்குபவர்கள் நாம். அவ்வாறிருக்க, அதே சாற்றை மதுவாகாமல் காத்து வெயிலில் விற்க அமர்ந்திருக்கும் பனையேறியைக் கடந்து செல்வது என்ன நியாயம்? மாலைக்குள் விற்காத பதநீர் அவருக்கு நட்டம். தூய வழியில் உழைப்பவருக்கு வாங்குவோர் இல்லாமற்போனால், அவர் மரத்தைக் கைவிடுவார். அல்லது சுண்ணாம்பைக் கைவிடுவார். 2021ஆம் ஆண்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 இலட்சம் பனை விதைகளை வழங்குவதாக அரசு அறிவித்தது. விதையை அரசு வழங்கலாம். ஏறுபவரை வாழவைப்பது வாங்குபவர் கையில்தான் இருக்கிறது.

ஆகவே, அடுத்த முறை மாமல்லபுரம் செல்கையில் அந்தக் குடத்தருகே வண்டியை நிறுத்துங்கள். பிள்ளைகள் முன்னிலையில் கேளுங்கள், முகர்ந்து பாருங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி, பனையோலைப் பட்டையில் ஏந்தி, அமர்ந்து அருந்துங்கள். ஹலாலைக் கேட்டறிந்து உண்ணும் பழக்கத்தை அவர்கள் அங்கே கற்றுக்கொள்வார்கள்.

அனுமதித்ததை ஐயத்தால் விலக்காமலும், மோசடியைப் பலகையால் நம்பாமலும் வாழும் தவ்ஃபீக்கை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.