சேனாபதிக்குத் தைத்தது போதும்

பிப்ரவரி 19 சிவ ஜயந்தி. ஜூன் 6 ராய்கட்டில் முடிசூட்டு நினைவு நாள். இடையில் குடி பாட்வா ஊர்வலம், பிறகு கணபதி, அதற்குமேல் பள்ளி ஆண்டு விழாக்கள். மகாராஷ்டிரத்தில் சரித்திர உடைக்கு ஆர்டர் வராத மாதம் குறைவு. ஆனால் வரும் ஆர்டரைப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு: சத்ரபதி ஒருவர், பேஷ்வா ஒருவர், ராணிகள் இரண்டு பேர், மாவளா வீரர்கள் பத்துப் பேர். பத்துப் பேருக்கும் ஒரே தானில் வெட்டிய ஒரே காவித் தலைப்பாகை. நாமும் கேள்வி கேட்காமல் தைத்துக் கொடுக்கிறோம்.

இந்த இதழின் சிறப்புப் பகுதிக்குப் புனே அருகிலுள்ள தளேகாவை எடுத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். ராஜா உடையை வைத்துக்கொண்டு காட்டவே முடியாத ஒரு சரித்திரம் அந்த ஊருக்கு இருக்கிறது. பேஷ்வா பதவிக்கு உரிமை கோரிய ரகுநாதராவை அதில் அமர்த்தும் நோக்கத்தோடு 1778 நவம்பரில் பம்பாயிலிருந்து புறப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, போர்காட் ஏறி, 1779 ஜனவரி 9 அன்று தளேகாவை எட்டியது. வந்து பார்த்தால் ஊர் எரிந்து கிடந்தது. எதிரிக்குத் தானியமும் தீவனமும் கிடைக்கக் கூடாதென்று மராத்தியர்களே கொளுத்திவிட்டிருந்தார்கள். இரண்டு நாள் தாக்குப்பிடித்த படை, 11ஆம் தேதி இரவு பெரிய பீரங்கிகளை ஏரிக்குள் தள்ளிவிட்டு, சரக்குகளுக்குத் தீ வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தது. பக்கத்து ஊரான வட்காவில் மராத்தியத் தளபதி மகாத்ஜி சிந்தியாவின் ஆட்கள் சுற்றி வளைத்தார்கள். 16ஆம் தேதி உடன்படிக்கை கையெழுத்தானது.

அந்த ஒரு வாரத்தில் அந்த நிலத்தில் யாரெல்லாம் இருந்தார்கள்? கம்பெனியின் சிப்பாய்களும் வெள்ளைக்காரர்களுமாகச் சுமார் 3,900 பேர். அவர்கள் பின்னால் சுமை மாடுகள் ஆயிரக்கணக்கில். அவற்றை ஓட்டியவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், சமைத்தவர்கள், டூலி தூக்கியவர்கள். எதிர்ப்பக்கம் மராத்தியக் குதிரைக்காரர்கள். ஊரைக் காலி செய்துகொண்டு போன குடியானவர்கள். ஜரிகை அங்கி போட்டவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தளேகாவை நேர்மையாக நிகழ்த்திக் காட்ட விரும்பும் ஒரு குழு நம்மிடம் வந்தால், நூறு உடையில் தொண்ணூறு உடை மாட்டுக்காரனுக்கும் சிப்பாய்க்கும்தான் தைக்க வேண்டியிருக்கும். அதற்கு நம்மில் எத்தனை பேரிடம் வெட்டு இருக்கிறது?

முதலில் ஒன்று: அந்தத் தொண்ணூறில் பாதி, தைக்கவே வேண்டாத துணி. வேட்டி, மேல்துண்டு, தலையில் சுற்றும் முண்டாசு, தோளில் போட்ட கம்பளி, பெண்களின் ஒன்பது கஜப் புடவை. இதில் ஊசிக்கு வேலை இல்லை. துணிக்கும் கட்டும் கைக்கும்தான் வேலை. நாம் என்ன செய்கிறோம்? எலாஸ்டிக் வைத்த ரெடிமேட் நவ்வாரிப் புடவை, வெல்க்ரோ ஒட்டிய வேட்டி, பசை போட்டு நிறுத்திய பேட்டாத் தலைப்பாகை என்று விற்கிறோம். மேடையில் ஐந்து நிமிஷம் நடனமாடும் குழந்தைக்கு அது போதும். வெயிலில் நாள் முழுக்க நிற்கிற ஆளுக்குப் போதாது. மடிசார் கட்டத் தெரிந்த கைக்கு மராத்தியக் காஷ்டா கட்டப் பழக ஒரு மதியம் போதும். துணியைக் கொடுத்துவிட்டுக் கட்டச் சொல்லிக்கொடுப்பதையும் நம் கூலியில் சேர்த்துக்கொள்ளலாம்; யாரும் குறை சொல்லப் போவதில்லை.

தைக்க வேண்டியதில் முதலிடம் பாராபந்திக்கு. இடுப்புக்குச் சற்றுக் கீழே நிற்கும் வெள்ளைச் சட்டை, முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக மடியும் இரண்டு பாகம், பட்டனுக்குப் பதில் பன்னிரண்டு நாடா. பார்க்க எளிது. ஆனால் பெரும்பாலும் நாம் இதை வெட்டுவது இன்றைய குர்தா வெட்டில். கைக்குழியை வளைத்து வெட்டி, கையின் தலையையும் வளைத்துப் பொருத்துகிறோம். கையைத் தொங்கவிட்டு நின்றால் அழகாக விழுகிறது. அதே ஆள் வாளை ஓங்கட்டும், மாட்டை அதட்டக் கோலைத் தூக்கட்டும்: சட்டை முழுவதும் மேலே ஏறி, இடுப்பு தெரிந்து, கம்கட்டில் தையல் இழுக்கும். பழைய வெட்டில் வளைவு கிடையாது. உடல் ஒரு நேர்த்துண்டு, கை ஒரு நேர்த்துண்டு, இரண்டும் சேரும் கம்கட்டில் குறுக்காக வைத்த ஒரு சின்னச் சதுரம். அந்தச் சதுரத்தின் குறுக்கிழை நீட்டிக் கொடுப்பதால் கை தாராளமாக மேலே போகும், சட்டை இருந்த இடத்தில் இருக்கும். துணியும் வீணாகாது. கையால் நூற்று, அகலம் குறைந்த தறியில் நெய்த துணியில் ஒரு விரல்கூட வெட்டி எறிய மனம் வராத காலத்தின் கணக்கு அது. அந்தச் சதுரத்தை வைக்கும்போது நான்கு மூலையிலும் தையலை ஒரு நூல் முன்னாலேயே நிறுத்தித் திருப்ப வேண்டும். மெஷினில் ஓட்டினால் மூலை சுருங்கும். இந்த ஒரு இடத்தையாவது கையால் தைத்துப் பாருங்கள். போட்டவரே வித்தியாசத்தைச் சொல்வார்.

நாடாக்கட்டு எந்தப் பக்கம் என்பதிலும் கவனம் வேண்டும். ஜாமா, அங்கரக்கா போன்ற மேலங்கிகளை முஸ்லிம்கள் அணிபவரின் வலப்பக்கத்திலும் இந்துக்கள் இடப்பக்கத்திலும் கட்டுவது முகலாயர் காலத்திலிருந்தே வழக்கம். கம்பெனியை எதிர்த்த படையில் இரு சமயத்தாரும் இருந்தார்கள் என்பதால், எல்லோருக்கும் ஒரே பக்கம் வெட்டி அடுக்குவது தப்பு. இன்னொரு தொல்லை, கையில் கிடைக்கும் படங்களில் பல இடம் வலம் மாறி அச்சானவை. வாள் எந்த இடுப்பில் தொங்குகிறது என்று பார்த்துவிட்டுக் கத்தரியை எடுங்கள்.

கம்பெனிச் சிப்பாயின் உடையில் நாம் செய்யும் பிழை வேறு மாதிரி. 1857 பற்றிய சினிமாவைப் பார்த்துவிட்டு 1779க்குப் பேன்ட் தைக்கிறோம். அந்தக் காலத்துச் சிப்பாய்க்கு மேலே சிவப்புக் கம்பளிச் சட்டை உண்டு. கீழே தொடையோடு நின்றுவிடும் வெள்ளை ஜங்கியா, வெறுங்கால், தலையில் பாகை. மேல்பாதி ஐரோப்பா, கீழ்பாதி கொங்கணம். பார்க்க விசித்திரமாக இருக்கும் என்பதாலேயே குழுக்கள் மறுக்கின்றன. அதனாலேயே நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. சிவப்பிலும் தரம் உண்டு. சாதாரணச் சிப்பாய்க்கு மஞ்சிட்டி வகை வேரில் தோய்த்த, செங்கல் சாயல் விழுந்த சிவப்பு. அதிகாரிக்குக் கொச்சினீல் பூச்சியின் பளிச் சிவப்பு. எல்லோருக்கும் ஒரே சிவப்பு என்றால் அது பேண்ட் வாத்தியக் குழுவாகிவிடும். மராத்தியப் பக்கம் சீருடையே தேவையில்லை. ஐரோப்பிய முறையில் பட்டாளங்களைப் பழக்கிய தி புவாஞ் மகாத்ஜியிடம் வேலைக்குச் சேர்ந்தது 1784இல்தான்.

எதைப் பார்த்துத் தைப்பது என்று கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தளேகாவிலிருந்து லோனாவ்ளா போகும் லோக்கல் ரயிலில் வட்காவ், காம்ஷேத் தாண்டினால் மளவ்லி வரும். ரவி வர்மாவின் அச்சகம் பம்பாயில் 1894இல் தொடங்கி, பிறகு இடம்பெயர்ந்து வந்து நின்ற ஊர் அது. அங்கே அச்சான படங்கள்தான் லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் புடவை கட்டும் விதத்தை நாடு முழுவதற்கும் கற்றுக்கொடுத்தன. நம் மனத்தில் இருக்கும் ‘பழங்காலம்’ பெரும்பாலும் அந்தக் காலண்டர்ப் பழங்காலம். அருமையான படங்கள்தான், 1779க்குச் சாட்சி ஆகாது. புனேரி பகடியும் இப்படித்தான். 2009இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பகடியின் இன்றைய வடிவம் ரானடே, திலகர் காலத்து முகங்களோடு சேர்ந்தது. அதை முதலாம் பாஜிராவின் தலையில் வைப்பவர்கள் நூறு வருஷத்துக்கு மேல் தாண்டிக் குதிக்கிறார்கள்.

நல்ல சாட்சிகள் இருக்கின்றன. ஸ்காட்லாந்து ஓவியர் ஜேம்ஸ் வேல்ஸ் 1790களில் புனேயில் தங்கி பேஷ்வா சவாய் மாதவராவையும் மந்திரி நானா பட்ணவீஸையும் நேரில் உட்காரவைத்து வரைந்தார். நானா பட்ணவீஸ் வட்காவ் காலத்திலும் அதிகாரத்தில் இருந்தவர். இடைவெளி பதினைந்து வருஷம்கூட இல்லை. வேல்ஸிடம் வேலை பார்த்த புனேக்காரர் கங்காராம் தாம்பட்டின் சித்திரங்கள் இன்று யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் உள்ளன. எஜமானரைவிட அவர் நமக்கு உதவுவார், ஏனென்றால் அவர் மல்லர்களையும் வரைந்தார். புனேயிலேயே ராஜா தின்கர் கேள்கர் அருங்காட்சியகத்தில் உடுப்புகளையே பார்க்கலாம். தமிழ்நாட்டுக்காரர்கள் அவ்வளவு தூரம் போகக்கூட வேண்டாம். 1676இலிருந்து 1855 வரை தஞ்சாவூரில் மராத்திய அரசு இருந்தது. அரண்மனையில் இரண்டாம் சரபோஜிக்கு ஜான் ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கல் சிலை நிற்கிறது; ஓவியத்தில் கிடைக்காத பக்கவாட்டு மடிப்பு அதில் கிடைக்கும். அதைவிட, தஞ்சை ஓவியர்கள் கம்பெனிக்காரர்களுக்காக வரைந்த தொழிலாளர் தம்பதிப் படங்கள் நமக்குப் பெரும் புதையல். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், கையில் தொழில் கருவி. காலம் சற்றுப் பிந்தியது, இடமும் வேறு. ஆனாலும் உழைக்கிறவர்கள் துணியை எங்கே இறுக்கிக் கட்டினார்கள், எங்கே தளர விட்டார்கள் என்று இவ்வளவு பக்கத்தில் காட்டும் படங்கள் அதிகமில்லை.

தளேகாவ் என்றால் உமாபாய் தாபாடே பெயர் வராமல் போகாது. சேனாபதி கண்டேராவ் தாபாடேயின் மனைவி. கணவர் 1729இல் இறந்தார், மகன் திரியம்பக்ராவ் 1731இல் டபோயில் போரில் விழுந்தார், அதற்குப் பின்னர்தான் உமாபாய் படைப் பொறுப்பை ஏற்றார். விழாக்களில் அவர் எப்படி வருகிறார்? பைத்தணிப் பட்டு, மூக்கில் பெரிய நத்து, கழுத்து நிறைய நகை. கணவரையும் மகனையும் இழந்த பிறகு படை நடத்திய பெண்ணுக்கு இது பொருந்துமா என்று தைப்பவரும் கேட்பதில்லை, போடுகிறவரும் கேட்பதில்லை. சாயம் அடங்கிய புடவை, நகையில்லாத கழுத்து, குதிரை ஏறத் தோதான கச்சம் என்று நான் யூகிப்பேன். யூகம்தான், சான்று அல்ல. ஆனால் பட்டும் நத்தும்கூட யூகம்தானே, அதுவும் யோசிக்காத யூகம்.

துணி விஷயம் சுருக்கமாக. பம்பாயில் முதல் பஞ்சாலை தொடங்கியது 1854இல். பெர்கினின் ரசாயனச் சாயம் 1856. சிங்கர் தையல் மெஷின் 1851. மூன்றுமே நம் கதைக்குப் பிந்தியவை. ஆகவே கதர்க்கடையில் வெளுக்காத தான் வாங்குங்கள். அவுரி நீலமும் மஞ்சிட்டிச் சிவப்பும் கண்ணில் பழகட்டும், கண்ணைப் பறிக்கும் காவி கடையிலேயே இருக்கட்டும். மெத்தை அங்கிக்குப் பஞ்சையே திணியுங்கள், ஃபோம் வேண்டாம். அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. திரி வைத்துச் சுடும் துப்பாக்கியும் தீப்பந்தமும் இருக்கும் இடத்தில் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். பருத்தி எரியும், உருகாது. கம்பளி தானாகவே அணையப் பார்க்கும். ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினால் தெரிந்துவிடும். வாங்குமுன் அதைச் செய்யாத தையல்காரர், போர்க் காட்சிக்கு உடை தைக்கும் பொறுப்பை ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து.

மெஷின் தையலை அறவே ஒதுக்கச் சொல்லும் கட்சி இல்லை நான். முழுக்கக் கையால் தைத்தால் கூலி கட்டாது, குழுக்களிடமும் அவ்வளவு பணம் இல்லை. உள்ளே ஓடும் நீளத் தையல் மெஷினில் போகட்டும். ஓரம், நாடா, கம்கட்டுச் சதுரம் மூன்றும் கையில் முடியட்டும். ஆனால் உடையோடு ஒரு துண்டுச்சீட்டு போக வேண்டும்: எந்த ஓவியத்தைப் பார்த்து வெட்டியது, எந்தத் தையல் மெஷினில் போட்டது, எது யூகம். வாடகைக்கு விடும் கடைக்காரர்கள் முதலில் சிரிப்பார்கள். சீட்டு உள்ள உடைக்குக் கூடுதல் வாடகை கேட்கலாம் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

இவ்வளவுக்கும் அடியில் இருக்கும் உண்மையான பற்றாக்குறை, அளவெடுத்த வெட்டுப் படங்கள். இங்கிலாந்தில் ஜானட் ஆர்னால்ட் அருங்காட்சியக உடைகளை ஒவ்வொன்றாக அளந்து, அளவுத்தாளில் வரைந்து, 1964இலிருந்து நூல்களாக வெளியிட்டார். அங்கே நல்ல தையல்காரர் மேஜையில் அவை இல்லாமல் இருக்காது. நமக்கு அகமதாபாத் காலிகோ அருங்காட்சியக உடைகள் பற்றி பி. என். கோஸ்வாமி 1993இல் கொண்டுவந்த பெரிய தொகுப்பு இருக்கிறது. அது பெரும்பாலும் பெரிய வீட்டு உடை. சாதாரண மனிதனின் உடுப்பு கிழியும்வரை உழைத்து, பிறகு கரித்துணியாகிவிடும், அருங்காட்சியகத்துக்கு வருவதில்லை.

ஆனால் பரணில் கிடக்கும். வாசகர்களில் மராத்தி பேசும் தையல் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் இருக்கிறீர்கள். தளேகாவ், மாவல் பக்கம் தொழில் செய்கிறவர்களும் இருக்கிறீர்கள். தாத்தா காலத்துப் பண்டிச் சட்டையோ பாராபந்தியோ கிடைத்தால் துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், தையலைப் பிரிக்காதீர்கள். வெள்ளைத் துணியின்மேல் பரப்பி, தோள், மார்பு, கை நீளம், கம்கட்டுச் சதுரம், நாடா வைத்த இடம் எல்லாவற்றையும் அங்குலத்தில் குறித்து, கரை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அம்புக்குறி போட்டு, படத்தை மட்டும் எங்களுக்கு அனுப்புங்கள். உடை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களை இதற்கென்றே ஒதுக்குகிறோம்.