காபனின் மெல்லிய குரல்

உரும்பிராய்ச் செம்மண் தோட்டக்காரர் அறிந்த விடயம் ஒன்றை வைத்தே இவ்வாரம் தொடங்குகிறோம். வலிய இயந்திரம் பூட்டி ஒரே மூச்சில் இறைத்தால் கிணறு வற்றும். மீண்டும் ஊறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். புரதங்களின் அமைப்பை ஆராயும் விஞ்ஞானிகளுக்கும் இதே சங்கடம் உண்டு.

கருக் காந்தப் பரிவு என்னும் முறையில், பொருளை வலிய காந்தத்தினுள் வைத்து, வானொலி அலையால் அணுக்கருக்களைத் தட்டியெழுப்பி, அவை தரும் மறுமொழியைக் கேட்கின்றனர். ஐதரசனின் குரல் உரத்தது. காபனோ பெரும்பாலும் ஊமை. நூறு காபன் அணுக்களில் ஏறக்குறைய ஒன்றே, காபன்-13 என்னும் வகை, பேசும். அதன் காந்த வலிமையும் ஐதரசனுடையதில் காற்பங்குதான். அப்படியாயின் ஐதரசனை மட்டும் கேட்டாற் போதாதா? போதாது. பெரிய புரதங்களில் ஐதரசனின் குரல் எழுந்த மாத்திரத்தே அடங்கிவிடுகிறது. காபனின் குரல் மெல்லியதாயினும் சற்று நீடித்து ஒலிக்கும். நிலையான மடிப்பில்லாத புரதங்களிலோ ஐதரசன்களின் ஒலிகள் ஒன்றன்மேலொன்று விழுந்து குழம்புகின்றன. பார்க்கின்சன் நோயாளரின் மூளைக் கலங்களில் திரளும் ஆல்பா சினுக்கிளின் இவ்வகைப் புரதமே. ஆகவே இது வெறும் ஏட்டு வித்தையன்று.

குரலைப் பலமுறை கேட்டுக் கூட்டலாம். ஆனால் தெளிவு இருமடங்காக வேண்டின் நேரம் நான்கு மடங்காகும். அதற்குள் புரதமே குழாயிற் கெட்டுவிடலாம். பக்டீரியாவுக்குக் காபன்-13 செறிந்த குளுக்கோசை ஊட்டி, புரதம் முழுவதையும் பேசும் காபனால் ஆக்குவதுண்டு. விலை கொஞ்ச நஞ்சமன்று! கேட்கும் சுருளைச் சுழியத்துக்குக் கீழ் ஏறக்குறைய 250 பாகை செல்சியசு வரை குளிர்வித்து, அதன் இரைச்சலை அடக்குவதுமுண்டு.

இத்தனை செய்தும் கிணற்றுச் சங்கடம் தீர்ந்தபாடில்லை. தட்டப்பட்ட காபன் கரு இளைப்பாறச் சில விநாடிகள் வேண்டும். பொறுக்காமல் மீண்டும் தட்டினால் குரல் தேயும்.

இங்கே நம் அயலவர் ஒருவரை நினைக்கிறோம். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஜி. சூர்யன், 1951இல் ஓடும் திரவத்தில் இப்பரிவை ஆராய்ந்தார். களைத்த கருக்கள் அகன்று புதியவை வந்து சேர, குரல் வலுப்பதைக் காட்டினார். வற்றும் கிணற்றை விட்டு வாய்க்காலை நாடியது போன்ற யுக்தி அது! இன்று மருத்துவமனைகளில், ஊசிமருந்து ஏற்றாமலே இரத்தக் குழாய்களைக் காந்தத்தாற் படமெடுக்கும் ஒரு முறை இதே விளைவைப் பயன்படுத்துகிறது.

அருமையாய்க் கிடைத்த புரதத்தையோ அவ்வாறு ஓடவிட முடியாது. கிடைப்பது சில துளிகளே. எனவே வேறு வழி கண்டனர். ஐதரசன் கருக்கள் காபனைவிட விரைவில் இளைப்பாறுவன. அவற்றை முதலில் தட்டி, அவற்றின் வலிமையைப் பக்கத்துக் காபனுக்குக் கைமாற்றி, காபனின் குரலைக் கேட்கின்றனர். அதனால் குரல் நான்கு மடங்குவரை உயரலாம்; காத்திருப்பும் குறைகிறது.