பிளாக் கோபாலிமர்: சிப்பைவிடக் குப்பைக்குத்தான் அவசரம்!

காலையில் காலி செய்த பால் பாக்கெட், ராத்திரி ஹோட்டலில் வாங்கிய சாம்பார் டப்பா. இரண்டையும் ஒரே பையில் போட்டு, ‘பிளாஸ்டிக் குப்பை’ என்று தூய்மைப் பணியாளரிடம் கொடுத்துவிடுகிறோம். நமக்கு இரண்டும் ஒன்றுதான். வேதியியலுக்கு அப்படி இல்லை. பாக்கெட் பாலிஎத்திலீன், டப்பா பெரும்பாலும் பாலிப்ராப்பிலீன். இரண்டிலும் இருப்பது வெறும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். கிட்டத்தட்ட பங்காளிகள். ஆனால், சேர்த்து உருக்கினால் ஒட்டவே ஒட்டாது. ஒன்றுக்குள் இன்னொன்று துளித்துளியாக நிற்கும். ஆறிய பிறகு அந்தத் துளிகளின் ஓரத்தில் பிடிப்பு இருக்காது. இழுத்தால் பட்டென்று முறியும்.

உலகில் தயாராகும் பிளாஸ்டிக்கில் இந்த இரண்டும் பெரும் பங்கு. இவை கலந்துவிட்டால் மறுசுழற்சியில் நல்ல பொருள் கிடைப்பது கஷ்டம் என்பதே இத்தனை காலமும் நிலைமை.

2017-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கோட்ஸ், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் பேட்ஸ் ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து செய்தது. இந்தக் கலவையில் வெறும் 1 சதவீதம் ஒரு பொருளைச் சேர்த்தார்கள். முறிந்துகொண்டிருந்த பிளாஸ்டிக் நன்றாக நீண்டு, வளைந்து கொடுக்க ஆரம்பித்தது. அந்தப் பொருளின் பெயர் பிளாக் கோபாலிமர்.

சேப்பாக்கத்தில் ஒரு கயிறு

பாலிமர் என்பது ஒரே மாதிரி மணிகளைக் கோத்த நீளமான சங்கிலி. பள்ளிப் புத்தகத்தில் ‘பலபடி’ என்று படித்திருப்போம். சங்கிலியின் ஒரு பாதி ஒரு வகை மணி, மறு பாதி வேறு வகை மணி என்றால், அது பிளாக் கோபாலிமர். இரண்டு பாதிகளுக்கும் ஆகாது என்பதுதான் இதில் சுவாரஸ்யம்.

சேப்பாக்கம் மைதானத்தைக் கற்பனை செய்யுங்கள். சிஎஸ்கே ரசிகர்களும் மும்பை ரசிகர்களும் வருகிறார்கள். சும்மா விட்டால் மஞ்சள் ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடுவார்கள். ஆனால், வாசலிலேயே ஒவ்வொரு மஞ்சள் சட்டையையும் ஒரு நீலச் சட்டையோடு கயிறு போட்டுக் கட்டிவிட்டால்? பிரியவும் முடியாது, கலக்கவும் பிடிக்காது. கடைசியில் மஞ்சள் வரிசை, நீல வரிசை என்று மாறி மாறி நிற்பார்கள். வரிசையின் அகலம் கயிற்றின் நீளத்தைப் பொறுத்தது. யாரும் மைக்கில் சொல்லி நிறுத்த வேண்டியதில்லை.

மூலக்கூறுகளும் இதையேதான் செய்கின்றன. ‘தானாக அடுக்கிக்கொள்ளுதல்’ என்று இதைச் சொல்கிறார்கள். வரிசைகளின் அளவு பெரும்பாலும் 10 முதல் 100 நானோமீட்டர். ஒரு பாதி கொஞ்சம் குட்டையாக இருந்தால், தட்டுகளுக்குப் பதிலாகக் குழல்கள் வரும். இன்னும் குட்டையானால் உருண்டைகள். நீளத்தை மாற்றினால் உருவமே மாறிவிடுகிறது.

இப்படிச் சங்கிலிகளை அளவெடுத்துச் செய்யும் வழியை 1956-ல் காட்டியவர் போலந்தில் பிறந்த மைக்கேல் ஷ்வார்ட்ஸ். சங்கிலி வளர்ந்து முடிந்த பிறகும் அதன் முனை உயிரோடு இருக்கும். அடுத்த வகை மணியைக் கொடுத்தால் அதிலிருந்தே மேலும் வளரும். ‘உயிருள்ள பாலிமர்’ என்று அவர் பெயர் வைத்தது பொருத்தம்தான்.

காலுக்கடியில் இருப்பது

அடுத்த பத்தாண்டுக்குள் இது காலுக்கு வந்துவிட்டது. 1960-களின் நடுவில் ஷெல் நிறுவனம் ‘கிராட்டன்’ என்ற பெயரில் ஒரு ரப்பரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நடுவில் ரப்பர் சங்கிலி, இரு முனைகளிலும் கெட்டியான பாலிஸ்டைரீன். முனைகள் ஒன்றுகூடி குட்டிக் குட்டி உருண்டைகளாகி, ரப்பரை முடிச்சுப் போட்டுப் பிடித்துக்கொள்கின்றன. சூடாக்கினால் முடிச்சு அவிழும், வார்க்கலாம்; ஆறினால் மறுபடி ரப்பர். கந்தகம் சேர்த்து வேகவைத்த டயர் ரப்பரை இப்படித் திரும்ப உருக்க முடியாது. ஷூ அடிப்பாகம், பசை, நெடுஞ்சாலைத் தாரில் சேர்க்கும் பாலிமர் என்று இந்தக் குடும்பம் நம்மைச் சுற்றி ஏற்கெனவே இருக்கிறது. 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ‘டாக்ஸஸ்’ இதய ஸ்டென்ட்டின் மருந்துப் பூச்சும் இந்த ரகம்தான்.

ஆனால், பிளாக் கோபாலிமர் பற்றிய செய்திகளில் அதிகம் அடிபடுவது கம்ப்யூட்டர் சிப். தானாக 10, 20 நானோமீட்டர் கோடு போடும் பொருள் என்றால் சிப் தயாரிப்பாளர்களுக்கு ஆசை வராதா? 2003-ல் விஸ்கான்சின் ஆய்வாளர்கள், சிலிக்கான் மேல் வழிகாட்டிக் கோடுகள் போட்டு, இந்த மூலக்கூறுகளை நேராக அணிவகுக்க வைத்துக் காட்டினார்கள். அதற்கப்புறம் 15 ஆண்டுகள் ‘இதோ வருகிறது’ என்ற பேச்சுதான். சிப்பில் கோடிக்கணக்கான கோடுகளில் ஒன்று பிசகினாலும் போச்சு. தானாக அடுக்கும் பொருளால் அந்த உத்தரவாதம் தர முடியவில்லை. அதற்குள் 13.5 நானோமீட்டர் ஒளியில் வேலை செய்யும் இயூவி இயந்திரம் வந்துவிட்டது. ஒன்றின் விலை ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். ஆனாலும், தொழிற்சாலைகள் அதைத்தான் வாங்கின. அந்த இயந்திரம் போடும் பிசிறான கோடுகளைச் சீர்படுத்தும் துணை வேலைக்கு இப்போது பிளாக் கோபாலிமரைப் பரிசோதிக்கிறார்கள்.

அது நடக்கட்டும். அந்தப் போட்டியில் ஓட நமக்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது. குப்பை நம் வாசலிலேயே கிடக்கிறது.

ஒரு சதவீதத் தையல்

கோட்ஸ் குழு செய்த சங்கிலியில் பாலிஎத்திலீன், பாலிப்ராப்பிலீன் துண்டுகள் மாறி மாறி நான்கு. கலவையில் சேர்த்ததும் அது துளிகளின் ஓரத்துக்குப் போய் உட்காருகிறது. ஒவ்வொரு துண்டும் தன் இனத்தோடு சேர்ந்து இறுகிக்கொள்கிறது. ஊசிநூல் இரண்டு துணியிலும் உள்ளே போய் வெளியே வருகிற மாதிரி.

அப்புறம் ஏன் நம் ஊர் மறுசுழற்சி ஆலைகளில் இது மூட்டை மூட்டையாக இல்லை? காரணம், விலை. வழக்கமான பிளாஸ்டிக் ஆலையில் ஒரு வினையூக்கி மூலக்கூறு ஆயிரக்கணக்கில் சங்கிலிகளைச் செய்து தள்ளும். இந்த ‘உயிருள்ள’ முறையில் ஒரு மூலக்கூறுக்கு ஒரு சங்கிலிதான். அந்த வினையூக்கியில் இருப்பதோ ஹாஃப்னியம் என்ற விலையுயர்ந்த உலோகம். முடிச்சு இங்கேதான். இதை அவிழ்ப்பது வேதியியலாளர்களுக்கும் வேதிப்பொறியாளர்களுக்குமான வேலை. அந்த வேலைக்கு இங்கே ஆள் இல்லாமல் இல்லை. புனேயில் தேசிய வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. 1968-ல் தொடங்கிய சிபெட், கிண்டியிலேயே இருக்கிறது. பாலிஎத்திலீன், பாலிப்ராப்பிலீன் இரண்டையும் தயாரிக்கும் இந்தியன் ஆயில், ரிலையன்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களும் உண்டு.

செமிகண்டக்டர் திட்டத்துக்கு 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதைக் குறை சொல்லவில்லை. அதில் சிறு துளி அளவுக்காவது மறுசுழற்சிக்கான பாலிமர் ஆய்வுக்கும் இலக்கு வைத்து, காலக்கெடு வைத்துக் கொடுக்கலாமே என்பதே கேள்வி.

இதை எல்லாம் தீர்க்கும் மாயப்பொடி என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். அலுமினியம் பூசிய சிப்ஸ் கவருக்கு இது உதவாது. சாம்பார் ஒட்டிய டப்பாவைக் கழுவித் தராது. தரம் பிரிக்கும் உழைப்பும் ஒழியாது. ‘அதான் ஒட்டவைக்கப் பொருள் வந்துவிட்டதே’ என்று கம்பெனிகள் இஷ்டத்துக்குக் கலந்து பேக்கிங் செய்யவும் இதைச் சாக்காக்க விடக் கூடாது.

ஆனால், கெடு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. மத்திய அரசு 2022 பிப்ரவரியில் அறிவித்த விதிகள், கெட்டியான பிளாஸ்டிக் பேக்கிங்கில் 2025-26-ல் 30 சதவீதமும், 2028-29-ல் 60 சதவீதமும் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் இருக்க வேண்டும் என்கின்றன. கவர், பாக்கெட் வகைக்கு இது 10-ல் தொடங்கி 20 வரை. இழுத்தால் முறிகிற பிளாஸ்டிக்கை வைத்துக்கொண்டு அந்த 60-ஐ எட்ட முடியுமா என்று, முதலில் பேக்கிங் கம்பெனிகளைத்தான் கேட்க வேண்டும்.