பழைய சட்டை போட்ட புதிய கடை

சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் காப்பிக்கடை தொடங்கும் முயற்சியில் இறங்கினார். கல்லூரி நாள்களில் என்னோடு விவாத மேடை ஏறியவர். விளம்பர வாசகம் எழுதித் தரச் சொல்லி என்னை டோபி காட் பெருவிரைவு ரயில் நிலையத்திற்கு அழைத்தார். மடிக்கணினியைத் திறந்து ஒரு சுவரொட்டியைக் காட்டினார். மங்கிய மஞ்சள் தாள், அந்தக் காலத் திரைப்பட விளம்பர எழுத்து, நடுவே முண்டாசு கட்டித் துணிமூட்டை சுமக்கும் சலவைத் தொழிலாளி. கீழே, "அன்று போல் இன்றும்"! கடை அப்போது திறக்கப்படவே இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்கவும்.

சிரிப்பு வந்தது. ஆனால் நண்பரைக் குறை சொல்லவும் முடியவில்லை. பழமை நன்றாகத்தான் விலைபோகிறது. யா குன் 1944இல் தொடங்கிய கடை. பழமை பேச அதற்கு உரிமை உண்டு. டோஸ்ட் பாக்ஸ் பிறந்ததோ 2005இல்தான். பிறக்கும்போதே அதற்கு 1960, 70களின் காப்பிக்கடை வேடம் போட்டுவிட்டார்கள். இந்தியாவில் 2013இல் வந்த பேப்பர் போட், பாட்டி கைப்பக்குவத்துப் பானங்களைப் பையில் அடைத்து விற்றது. ஜெர்மானிய ஃபோக்ஸ்வேகன்கூட 1998இல் தன் பழைய 'பீட்டில்' காரின் உருவத்தைத் தூசு தட்டிப் புதிதாக விற்றதே!

காரணம் எளிது. புதிய கடையிடம் இல்லாத ஒரே சரக்கு நம்பிக்கை. பழைய தோற்றம் அதைக் கடனாகத் தருகிறது. இடித்து இடித்துக் கட்டும் நம் ஊரில் அந்தக் கடனுக்குக் கிராக்கி அதிகம். டோபி காட்டிலேயே பாருங்கள். 1939இல் எழுந்த கேத்தே கட்டடத்தில் முகப்பை மட்டும் விட்டுவைத்து, பின்னால் புதிய கடைத்தொகுதி கட்டி 2006இல் திறந்தார்கள். சற்றுத் தள்ளி ஸ்டாம்ஃபர்ட் சாலையில் இருந்த செங்கல் நூலகத்திற்கு அந்த முகப்பு பாக்கியமும் கிட்டவில்லை. 2004இல் மூடப்பட்டு, சுரங்கப்பாதைக்காக இடிக்கப்பட்டது. இழந்தவர்களுக்குப் பீங்கான் குவளையைப் பார்த்தாலே மனம் இளகத்தான் செய்யும்.

எனவே எழுத்து வடிவம், குவளை, பளிங்கு மேசை ஆகியவற்றைக் கடன் வாங்குவதில் தவறில்லை என்பதே என் கருத்து. சிக்கல் அந்த முண்டாசுக்காரரிடம்தான்.

இந்திய சலவைத் தொழிலாளர்கள் ஓடையில் துணி வெளுத்து, பக்கத்துத் திடலில் காயவைத்த இடம் இது என்பது நமக்குத் தெரியும். என் கொள்ளுத்தாத்தாவும் வெளுத்தவர்தான். இங்கல்ல, தஞ்சைப் பக்கத்துக் கிராமத்தில். நண்பரிடம் நான் அதைச் சொன்னதே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் இன்றும் சரியான பதில் இல்லை. அன்றிரவு சுவரொட்டியைப் பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எங்கப்பா மூட்டைய எடுத்துக்கிட்டுக் கொல்லைப்பக்கமாத்தான் போவாரு. வாசல்ல ஏற விடமாட்டாங்க. இந்தப் பையன் வாசல்லயே மாட்டப் போறானா?"

கோபமா, கிண்டலா, பெருமையா? எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. நண்பருக்கு அது அழகான படம். பாட்டிக்கு அது அப்பா. அவரைக் காப்பி விற்க நிறுத்துவதென்றால் அவர் கதையையும் சொல்லியாக வேண்டும். மூன்று சொல் வாசகத்தில் அதற்கு இடமேது?

மறுநாள் நண்பரை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், "ஏண்டா இத்தன வருஷமா சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

படம் போய், பித்தளை டபரா வந்தது. மஞ்சள் தாளும் அந்தக் கால எழுத்தும் அப்படியே இருக்கின்றன. வாசகத்தை நான் மாற்றினேன். பழைய படச் சுவரொட்டிகளில் கொட்டை எழுத்தில் இருக்குமே, அதுதான்: "இன்று முதல்".

திறப்பு நாளன்று பாட்டியும் வந்தார். காப்பியில் சர்க்கரை அதிகம் என்றார்.