நச்சுச் செடியும் நாட்டுப் பெயரும்

கால்நடைகளுக்கு நஞ்சாகும் தாவரங்களைப் பற்றிய எச்சரிக்கைக் குறிப்புகள் மொழிபெயர்ப்புக்காக என் மேசைக்கு வருவதுண்டு. அவற்றிலுள்ள விஞ்ஞானத்தில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் ஆடு மேய்ப்பவருக்கு அவை பயன்படுமா என்பது பெரும்பாலும் செடியின் பெயரைப் பொறுத்தே இருக்கிறது.

'ஐபோமியா கார்னியா' என்னும் செடியை எடுத்துக்கொள்வோம். வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்து, இந்நாட்டின் குளக்கரைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் பரவிவிட்ட இதனை இந்தி பேசுவோர் 'பேஹயா', அதாவது வெட்கமற்றது, என்பர். எத்தனை முறை வெட்டினும் தழைப்பதற்குப் பொருத்தமான பெயரே! தமிழில் இது நெய்வேலிக் காட்டாமணக்கு. வறட்சியில் வேறு பசுமை இல்லாதபோது ஆடுகள் இதைக் கடிக்கத் தொடங்கும்; பின்னர் விரும்பியே தேடும். இதிலுள்ள ஸ்வைன்சோனின் என்னும் நஞ்சு சிறுகச் சிறுக நரம்பு மண்டலத்தைக் கெடுக்கிறது. தலை நடுங்கும், பின்னங்கால்கள் தள்ளாடும், உடல் மெலியும். தொடக்கத்திலேயே விலக்கினால் ஆடு தேறக்கூடும். காலம் கடந்தால் அரிது.

'நெய்வேலி' என்னும் அடைமொழி விடுபட்டால் குறிப்பு வேறொரு செடியைச் சுட்டும். காட்டாமணக்கு என்பது வேலியில் நடப்படும் ஜட்ரோபா. அதன் நஞ்சு பெரிதும் விதையிலுள்ளது. குடலைப் புண்ணாக்கிப் பேதியை உண்டாக்குவது. அச்சிட்ட தாளை நம்பிய ஒருவர் தம் வேலியை வெட்டியெறிந்துவிட்டு, ஆடுகளைக் குளக்கரைக்கே ஓட்டிச் செல்லக்கூடும்.

பெயர் மட்டும் போதாத இடமும் உண்டு. சோளத்தை அறியாத உழவர் இலர். இளஞ்சோளப் பயிரிலுள்ள துரின் என்னும் பொருள், மாடு மென்றதும் சிதைந்து ஹைட்ரோசயனிக் அமிலத்தை வெளிவிடுகிறது. சில நிமிடங்களிலேயே மாடு மடியக்கூடும். ஆங்கில மூலத்தில் 'இளம் பயிர்' எனக் கண்டதை நானும் ஒருமுறை அவ்வாறே எழுதி அனுப்பிவிட்டேன். அது பாதி உண்மையே. மழை தவறி வளர்ச்சி குன்றிய பயிரும், அறுத்தபின் துளிர்க்கும் மறுதாம்பும் அதே ஆபத்தை உடையவை. பல வாரங்கள் வாடி நின்ற பயிரை எந்த உழவரும் இளம் பயிர் என எண்ணார். மாட்டை அவிழ்த்து விடுவார். நன்கு வளர்ந்து பூத்த பயிரில்தான் அச்சம் பெரிதும் குறைகிறது. சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் ஆகிய மாற்று மருந்துகள் உள்ளன என்பது மெய்யே. ஆனால் மருத்துவர் வந்து ஊசி போடும்வரை மாடு தாங்கவேண்டுமே!

லத்தீன் பெயரை நீக்கவேண்டும் என்பது என் கருத்தன்று. மருத்துவருக்கு அது இன்றியமையாதது. ஆனால் குறிப்பின் முதல் வரியில் அவ்வவ் வட்டாரத்துப் பெயரும், நஞ்சு மிகும் பருவமும், அருகில் இலையும் பூவும் தெளிவாகத் தெரியும் படமும் இடம்பெறல் வேண்டும். அச்சுக்குச் செல்லுமுன் படியொன்றை அவ்வட்டாரக் கால்நடை மருந்தகத்துக்கு அனுப்பி, மேய்ப்பவர் ஒருவருக்குப் படித்துக் காட்டி, அவர் எந்தச் செடியைக் காட்டுகிறார் எனக் கேட்டறியலாம். இதற்கு அஞ்சற் செலவும் சில நாட்களுமே தேவைப்படும்.