‘நிழலில்’ என்னும் சொல்

மல்லாங்கிணற்றின் கரிசல் நிலத்தில் மழைக்குப்பின் உளுந்து விதைக்கவிருக்கும் உழவருக்கு, ரைசோபியம் உயிர் உரத்தின் பயன்பாட்டை ஒரு செயல்விளக்கக் காணொலி கற்பிப்பதாகக் கொள்க. தயாரிப்பாளரின் பெருமையோடு உரை தொடங்கினால் அவர் கைப்பேசியை மூடிவிடுவார். மண்ணின் ஈரம் காத்திராது. அவர் கைகள் இயங்கும் வரிசையிலேயே உரை செல்ல வேண்டும்: ஆறிய கஞ்சியில் உரத்தைக் கலத்தல், விதையோடு பிசிறுதல், நிழலில் உலர்த்துதல், 24 மணி நேரத்திற்குள் விதைத்தல். ‘நிழலில்’ என்பதை விடுத்து ‘நன்கு உலர்த்துக’ என்றெழுதினால், அவர் வெயிலில் பரப்புவார்; நுண்ணுயிர்கள் மடியும். காட்சியே உணர்த்திவிடும் என்பது எழுதுவோரின் சோம்பலன்றி வேறில்லை. சிறு திரையில் நிழலும் மேகமூட்டமும் ஒன்றுபோலவே தோன்றும். 1960களில் தஞ்சை உழவர்கள் வானொலி கேட்டு ஆடுதுறை 27 நெல்லைப் பயிரிட்டு, அதனை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். அவ்வுரைகளுக்குத் துணைநிற்கப் படம் ஏதும் இல்லை.