ஓய்வு எதிலிருந்து?

பெண்ணுக்கு முதுகு பிடித்துக்கொண்டால் இந்தச் சமூகம் அவளிடமிருந்து முதலில் பிடுங்குவது அவளுக்குப் பிடித்தமானதை. அவளுடைய வேலைகளில் எதையும் அது குறைப்பதில்லை.

மாவரைத்த பின் கிரைண்டர் கல்லைக் குனிந்து தூக்கியபோதுதான் என் கீழ்முதுகு பிடித்துக்கொண்டது. குற்றவாளியாகப் பிடிபட்டதோ வாசலில் நின்ற சைக்கிள். பன்னிரண்டு ஆண்டுகளாக அதில்தான் கல்லூரிக்குப் போய்வருகிறேன். "இந்த வயசுல சைக்கிள் தேவையா?" என்று கேட்ட உறவினர்களில் ஒருவர்கூட, "இந்த வயசுல கிரைண்டர் கல் தேவையா?" என்று கேட்கவில்லை. மருத்துவரும் அப்படித்தான். "சைக்கிளை விட்டுடுங்கம்மா. லேசான வீட்டு வேலை பார்க்கலாம்" என்றார்.

எது லேசான வேலை? பதினைந்து லிட்டர் குடம் நிறைந்தால் தண்ணீர் மட்டுமே பதினைந்து கிலோ. அதை ஒற்றை இடுப்பில் சாய்த்துச் சுமக்கிறோம். சமையல் எரிவாயு சிலிண்டரில் எரிவாயு 14.2 கிலோ, இரும்பும் சேர்ந்தால் ஏறக்குறைய இரு மடங்கு. குனிந்து பெருக்குவதும், ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடியேறுவதும் இந்த "லேசான" கணக்கில்தான் வருகின்றன. முன்னால் குனிந்த நிலையில் பாரத்தைத் தூக்கித் திரும்புவதுதான் பிடித்துக்கொண்ட முதுகுக்குப் பெரிய எதிரி. நம் வீடுகளில் அதற்குப் பெயர் காலை நேரம்.

இது தசைப்பிடிப்பு. முதுகெலும்பின் இருபுறமும் உள்ள தசை இழைகள் அளவுக்கு மீறி இழுபடுவதால் வருவது; பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகும். நாள்கணக்கில் படுத்துக் கிடப்பதை இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. வலி பொறுக்கும் அளவுக்கு நடமாடுவதும், பழகிய உடலியக்கத்துக்குப் படிப்படியாகத் திரும்புவதுமே அவை சொல்லும் வழி. கால் மரத்துப்போனாலோ வலுவிழந்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை மீறினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அப்படி எதுவும் இல்லாத ஒரு பெண்ணிடம் சைக்கிளை நிரந்தரமாக விடு என்பதில் மருத்துவம் எங்கே இருக்கிறது?

இந்தக் குரல் புதிதல்ல. 1890களில் மேற்கத்தியப் பெண்கள் சைக்கிளேறியபோது, அவர்களுக்குச் "சைக்கிள் முகம்" என்றொரு நோய் வரும் என்று எச்சரித்த மருத்துவர்கள் இருந்தார்கள். அந்தப் பெண்கள் ஓட்டினார்கள். நோய்தான் காணாமல் போனது. நூறாண்டு கழித்து, புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். 1992 பெண்கள் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு அந்த ஊர்த் தெருக்களில் சைக்கிளில் வந்ததை பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். குழந்தையை முன்கம்பியில் உட்கார வைக்கலாம் என்று ஆண்கள் சைக்கிளையே விரும்பிய பெண்கள் அவர்களில் உண்டு. கல் சுமந்த, நாற்று நட்ட முதுகுகள் அவை. அந்த முதுகுகள் சுமந்தவரை யாரும் கவலைப்படவில்லை. சைக்கிளில் ஏறி நிமிர்ந்த பிறகுதான் ஏச்சும் கேலியும் வந்தன.

இன்று மேல்நிலைப்பள்ளி மாணவிகளுக்கு அரசே விலையில்லாச் சைக்கிள் தருகிறது. கல்யாணத்துக்குப் பிறகு எத்தனை பேர் அதை மிதிக்கிறார்கள்? என் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால் மாணவிகள் சிரிக்கிறார்கள். அக்காவின் சைக்கிள் இப்போது தம்பியிடம் இருக்கிறது.

நான் விடவில்லை. முதல் வாரம் வீட்டுக்குள்ளும் தெருவிலும் நடந்தேன். பிறகு மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கி இறக்கும் பயிற்சி. மூன்றாம் வாரம் மேடு பள்ளமில்லாத சாலையில் பத்து நிமிடம். அதிகம் குனியாதபடி கைப்பிடியை உயர்த்தினேன். மிதிகட்டை கீழே போகையில் முழங்கால் லேசாக மடங்கி நிற்குமாறு இருக்கையைச் சரிசெய்தேன். விடைத்தாள் மூட்டை தோளிலிருந்து கேரியருக்குப் போனது. ஏழாவது வாரம் கல்லூரி வாசலில் சைக்கிளை நிறுத்தினேன். கிரைண்டர் கல்லை இப்போது என் கணவரும் மகனும் தூக்குகிறார்கள். அவர்களுக்கும் முதுகு இருக்கிறது. அது இத்தனை நாள் ஓய்வில் இருந்தது.

தோழியரே, மாணவியரே, அடுத்த முறை யாராவது "ரெஸ்ட் எடு" என்றால், எதிலிருந்து என்று கேளுங்கள். குடத்திலிருந்தா, துடைப்பத்திலிருந்தா, சைக்கிளிலிருந்தா? உங்கள் வீட்டில் ஒரு நாளில் தூக்கப்படும் பாரங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தூக்குபவர் பெயரையும் எழுதுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள். சைக்கிள் சாவியை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.